பழைய பதிப்பிலேயே நின்ற நோட்கள்: 2013 பிட்காயின் சங்கிலிப் பிளவு – நிகழ்வு ஆய்வு

பின்னணி

2013 பிப்ரவரி 19 அன்று பிட்காயின் மென்பொருளின் 0.8 பதிப்பு வெளிவந்தது. அதற்கு முந்தைய பதிப்புகள் பிளாக்குகளின் (ஒன்றன்பின் ஒன்றாகச் சங்கிலியாகக் கோக்கப்படும் பரிவர்த்தனைத் தொகுதிகளின்) அட்டவணையைப் பெர்க்லி டிபி என்ற தரவுத்தளத்தில் வைத்திருந்தன. 0.8 அதை விட்டு லெவல்டிபிக்கு மாறியது. சங்கிலியைச் சரிபார்க்கும் வேகம் வெகுவாகக் கூடியது. எந்த பிளாக் செல்லும், எது செல்லாது என்ற விதிகளில் யாரும் கை வைக்கவில்லை. எழுதியவர்களும் நிறுவியவர்களும் அப்படித்தான் நம்பினார்கள்.

இந்த வலைப்பின்னலில் இன்னொருவரின் கணினியில் உள்ள மென்பொருளை யாரும் மாற்ற முடியாது. தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் வசதி வேண்டுமென்றேதான் தவிர்க்கப்பட்டது. ஒரே இடத்திலிருந்து ஒரே இரவில் விதியை மாற்ற எவருக்கும் இயலக்கூடாது என்பது இந்த அமைப்பின் அடிப்படை. ஆகவே புதுப்பிப்பது ஒவ்வொரு நோட் (இந்த மென்பொருளை ஓட்டும் கணினி) உரிமையாளரும் தாமே எடுக்கவேண்டிய முடிவு.

0.8க்கு மாற ஒரு விலை இருந்தது. முதல் முறை திறக்கும்போது மென்பொருள் அட்டவணை முழுவதையும் புதிதாகக் கட்டும். கணினியின் வேகத்தைப் பொறுத்து அதற்கு 30 நிமிடம் முதல் பல மணி நேரம் வரை ஆகும் என்று வெளியீட்டுக் குறிப்பே எச்சரித்தது. மைனிங் பூல், அதாவது புதிய பிளாக்குகளை உருவாக்கி வெகுமதி பெறும் மைனர்களின் கூட்டு, நடத்துபவர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. பிளாக்கை விரைவாகச் சரிபார்த்தால் அடுத்த பிளாக்குக்கான வேலையை முன்கூட்டியே தொடங்கலாம், அவர்களுக்கு விநாடிகளும் வருமானம்தான். பிட்காயினில் பணம் பெற்ற தளங்களின் கணக்கு வேறு. ஓடிக்கொண்டிருக்கும் சேவையை நிறுத்திவைத்துப் புதியதை ஏற்ற அவர்களுக்கு எந்த அவசரமும் தெரியவில்லை.

மூன்று வாரத்தில் நிலைமை இப்படி ஆனது: மைனிங் திறனில் ஏறக்குறைய 60 சதவீதம் 0.8இல் இருந்தது. பணம் பெறுபவர்களிலும் சாதாரணப் பயனர்களிலும் பலர் 0.7இலோ அதற்கும் முந்தையவற்றிலோ இருந்தார்கள். புதுப்பித்தவர்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்திருந்தால் இந்தக் கோணல் கண்ணில் பட்டிருக்காது. யார் புதுப்பித்தார்கள், யார் புதுப்பிக்கவில்லை என்று பார்த்தால்தான் தெரியும்.

கூடவே இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. 0.7க்கு முன், மாற்றம் செய்யப்படாத மைனிங் நோட் எதுவும் 5,00,000 பைட்டுக்கு மேல் பிளாக் உருவாக்காது. 0.7 அந்த அளவை அமைப்புக் கோப்பில் மாற்றிக்கொள்ள விட்டது. பரிவர்த்தனைகள் பெருகியதால், நிகழ்வுக்கு முந்தைய வாரத்தில் அளவை உயர்த்தும்படி மைனர்களிடம் கேட்டுக்கொள்ளப்பட்டது.

கவனிக்கப்பட்டவை

உலக நேரப்படி மார்ச் 11 இரவு 225430ஆம் பிளாக் வந்தது. அதுவரை எந்த பிளாக்கிலும் இல்லாத எண்ணிக்கையில் உள்ளீடுகள் (செலவாகும் பணம் எந்தப் பழைய பரிவர்த்தனையில் வந்தது என்று சுட்டுபவை) அதில் இருந்தன. 0.8 நோட்கள் அதைத் தடையின்றி ஏற்றன. பழைய நோட்களில் பல ஏற்கவில்லை. அந்த நிமிடத்திலிருந்து ஒரே வலைப்பின்னலில் இரண்டு சங்கிலிகள் தனித்தனியே வளர்ந்தன.

பழைய நோட்டின் பதிவுக் கோப்பில் நினைவகம் ஒதுக்க இயலவில்லை என்ற பொருளில் ஒரு பிழை விழுந்தது. இந்தச் சொற்கள் ஆளைத் திசைதிருப்பும். கணினியில் ரேம் தாராளமாக இருந்தாலும் இதே பிழைதான் வரும். தீர்ந்துபோனது பெர்க்லி டிபியின் பூட்டுகள், அதாவது ஒரு பக்கத்தைக் கையாளும்போது வேறெதுவும் அதில் குறுக்கிடாதபடி தரவுத்தளம் வைக்கும் குறிகள். ஒரு பிளாக்கைச் சங்கிலியில் சேர்க்கும்போது பழைய மென்பொருள் அது தொடும் அட்டவணைப் பக்கம் ஒவ்வொன்றையும் பூட்டும். பிளாக் முழுவதும் எழுதி முடியும்வரை எந்தப் பூட்டையும் விடாது. இப்படி வைத்துக்கொள்ளக்கூடிய பூட்டுகளின் உச்ச எண்ணிக்கை நிரலில் 10,000 என்று வைக்கப்பட்டிருந்தது. பல பழைய பரிவர்த்தனைகளைச் சுட்டும் பிளாக் பல பக்கங்களைத் தொடும். எண்ணிக்கை வரம்பைத் தாண்டினால் தரவுத்தளம் கையை விரிக்கும், நோட் அந்த பிளாக்கைச் செல்லாதது என்று தள்ளிவிடும்.

இது முன்பே ஏன் பிடிபடவில்லை? சோதனை வலைப்பின்னலில் உச்ச அளவு பிளாக்குகள் சிக்கலின்றி ஓடியிருந்தன. எல்லோரும் அளவைச் சோதித்தார்கள். பைட் கணக்கில் சிறியதாக இருந்தும் கூடுதல் பூட்டுகளைக் கேட்கும் பிளாக் இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. தன் பூட்டு எண்ணிக்கையை எப்படித் தேர்வதென்று பெர்க்லி டிபியின் கையேடு சொல்லியிருந்தது: கடுமையான சுமையில் ஓட்டிப் பார்த்து, பயன்பட்ட உச்சத்தைக் குறித்து, அதை இரட்டிப்பாக்கு. அதைச் செய்யாமல் விட்ட ஒரு அமைப்பு எண், யாருக்கும் தெரியாமல் வலைப்பின்னலின் விதியாகிப்போனது.

அந்த விதியும் எல்லோருக்கும் ஒன்றாக இல்லை. அட்டவணைக் கோப்பு வட்டில் எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பது நோட்டுக்கு நோட் மாறும். பூட்டு பக்கத்துக்கு ஒன்று என்பதால் ஒரே பிளாக்குக்கு ஒரு 0.7 நோட்டில் பூட்டுகள் போதும், இன்னொரு 0.7 நோட்டில் போதாது. அதனால் 0.8 வராமலேயே இருந்திருந்தாலும் பழைய நோட்கள் தங்களுக்குள்ளேயே ஒருநாள் பிளவுபட்டிருக்கலாம்.

அன்று இரவு எடுத்த முடிவு

மென்பொருளை எழுதுபவர்களும் பெரிய பூல்களை நடத்துபவர்களும் அரட்டைத் தடத்தில் விரைவிலேயே கூடிவிட்டார்கள். இரண்டு வழிகள் இருந்தன. 0.7இல் உள்ளவர்கள் எல்லோரையும் 0.8க்கு ஏற்றலாம். அல்லது 0.8இல் உள்ள மைனர்களை 0.7க்கு இறக்கலாம்.

பிழை பழைய பதிப்பில் இருந்ததால் முதல் வழிதான் நியாயமாகத் தோன்றும். ஆனால் அது நடக்கக்கூடியதாக இல்லை. பழைய பதிப்பில் இருந்தவர்கள் யார், எங்கே இருக்கிறார்கள் என்ற பட்டியல் யாரிடமும் இல்லை. அவர்களுக்குச் செய்தி போய், அவர்கள் நம்பி, பல மணி நேர மறு அட்டவணை முடிந்து வருவதற்குள் இரண்டு சங்கிலிகளும் நூற்றுக்கணக்கான பிளாக்குகள் விலகியிருக்கும். 0.8 தரப்பிலோ பெரும்பகுதி மைனிங் திறன் சில பூல்களின் கையில் இருந்தது. நடத்துபவர்கள் அந்தத் தடத்திலேயே இருந்தார்கள்.

இரண்டு சங்கிலிகளுக்கும் இடையே உள்ள ஒரு சமச்சீரின்மையும் முடிவைத் தீர்மானித்தது. பழைய சங்கிலியின் பிளாக்குகள் 0.8 நோட்டுக்கும் செல்லுபடியாகும். செல்லுபடியாகும் சங்கிலிகளில் நீளமானதையே நோட் பின்பற்றும் என்பதால், அந்தச் சங்கிலி நீண்டுவிட்டால் 0.8 நோட்கள் யாரும் எதுவும் செய்யாமலேயே அதற்குத் தாவிவிடும். எதிர்த்திசையில் அப்படி நடக்காது. 0.8 சங்கிலி எவ்வளவு நீண்டாலும் 0.7 நோட் 225430ஆம் பிளாக்கிலேயே முட்டி நிற்கும். ஆக, மைனிங் திறனை மட்டும் நகர்த்தினால் போதும், மற்றவர்கள் தாமாக வந்து சேர்வார்கள்.

இரண்டு பெரிய பூல்கள் தங்கள் நோட்களை 0.7க்கு இறக்கின. பிழை இல்லாத பதிப்பை ஓட்டியவர்கள் அவர்கள். அப்படியும், 0.8 சங்கிலியில் தாங்கள் சம்பாதித்திருந்த வெகுமதியை விட்டுக்கொடுத்தார்கள். அப்போது ஒரு பிளாக்குக்கு 25 பிட்காயின். மார்ச் 12 காலைக்குள், ஏறத்தாழ 6 மணி நேரத்தில், பழைய சங்கிலி முந்தியது. 0.8 தரப்பின் 24 பிளாக்குகள் கைவிடப்பட்டன.

இடைப்பட்ட நேரத்தில் பிட்காயினை வாங்கி விற்க உதவும் பெரிய எக்ஸ்சேஞ்சுகளும் ஒரு கட்டணச் சேவையும் வைப்புகளை நிறுத்தின. எல்லா இடத்திலும் அது உரிய நேரத்தில் நடக்கவில்லை. ஒருவர் ஏறத்தாழ 10,000 டாலர் மதிப்புள்ள பிட்காயினை ஒரு பணம் பெறும் தளத்துக்கு அனுப்பினார். 0.8 சங்கிலியில் அது உறுதியானது. அதே நாணயங்களை வேறிடத்துக்கு அனுப்பும் பரிவர்த்தனை பழைய சங்கிலியில் ஏறியது. பழைய சங்கிலி வென்றதும் முதல் பணம் இல்லாமல் போனது. செய்தவரின் நோக்கம் திருட்டு இல்லை, முடியுமா என்று பார்த்ததுதான். திருட நினைத்த ஒருவருக்கும் அதே 6 மணி நேரம் திறந்துதான் கிடந்தது.

0.8.1: பழையவர்களுக்காகப் புதியவர்கள் குனிந்தது

பிளவு மூடியது, காரணம் மூடவில்லை. அதேபோன்ற இன்னொரு பிளாக் எந்த நேரமும் வரலாம். மார்ச் 18 அன்று 0.8.1 வெளியானது. அதில் இரண்டு தற்காலிகக் கட்டுப்பாடுகள் இருந்தன. ஒரு பிளாக் சுட்டும் வெவ்வேறு பரிவர்த்தனை அடையாளங்கள் 4,500ஐத் தாண்டினால் 0.8.1 அதை ஏற்காது. 0.8.1 தானே உருவாக்கும் பிளாக் 5,00,000 பைட்டுக்கு மேல் போகாது. 10,000 பூட்டுகளில் பாதிக்கும் குறைவு என்ற கணக்கில் வைத்த எண் 4,500. பழைய நோட்டின் அட்டவணை எப்படி அடுக்கப்பட்டிருந்தாலும் பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடும்.

இரண்டு கட்டுப்பாடுகளுக்கும் முடியும் நாள் நிரலிலேயே எழுதப்பட்டது: 2013 மே 15, உலக நேரப்படி நள்ளிரவு. அந்த நாளை நிரலிலேயே எழுதியது இந்த நிகழ்வின் ஆகச் சிறந்த முடிவு என்பது எங்கள் கணிப்பு. அறிவிப்பில் மட்டும் இருந்தால் அந்த நாளைத் தள்ளிப்போடச் சொல்லி யாராவது கேட்பார்கள். 0.8.1 பரவிய பிறகு அதைத் தள்ளிப்போட இன்னொரு புதுப்பிப்பு தேவைப்படும், அதனால் பேச்சுக்கே இடமில்லாமல் போனது. பழைய நோட்களுக்கு இரண்டு மாதம் கிடைத்தது. புதிய நோட்களுக்கோ நிரந்தரச் சுமை எதுவும் ஏறவில்லை.

இரண்டு மாதப் பிரசாரம்

அறிவிப்பு மூன்று வழிகளில் போனது.

முதலாவது, மென்பொருளுக்குள்ளேயே இருந்த எச்சரிக்கை அமைப்பு. ஒரு குறிப்பிட்ட திறவுகோலால் கையெழுத்திட்ட செய்தி நோட்டிலிருந்து நோட்டுக்குப் பரவும். எந்தப் பதிப்புகளில் தெரியவேண்டும், எப்போது காலாவதியாகவேண்டும் என்றெல்லாம் அதில் குறிக்கலாம். பிளவு நடந்த இரவில் 0.8இல் மைனிங்கை நிறுத்தும்படி போன அவசரச் செய்தியும் இதில்தான் போனது. பின்னர் மே 15 விளக்கப் பக்கத்தைப் பார்க்கச் சொல்லும் செய்தியும் இதிலேயே போனது. சாளரத்துடன் கூடிய வாலெட்டில் இது நிலைப்பட்டையில் தெரியும், திறந்தவர் கண்ணில் படாமல் போகாது. சர்வரில் பின்னணியில் ஓடும் நோட்டிலோ நிலைத் தகவல் கேட்கும் கட்டளையின் விடையில், பிழை என்ற புலத்தில் ஒரு வரியாகக் கிடக்கும். யாரும் கேட்காவிட்டால் யாருக்கும் தெரியாது. பணத்தை அதிகம் கையாளும் நோட்கள் இந்த இரண்டாவது வகை. எச்சரிக்கை மிகவும் தேவைப்பட்ட இடத்தில்தான் அதன் குரல் மிகவும் அடங்கியிருந்தது.

இரண்டாவது, ஒரே ஒரு விளக்கப் பக்கம். எல்லா அறிவிப்புகளும் அதையே சுட்டின. யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது, எந்த நாளுக்குள், என்ன செய்ய வேண்டும் என்பது அதில் இருந்தது. வேறொருவரின் சர்வரில் பணம் வைத்திருப்பவர் எதுவும் செய்யவேண்டியதில்லை என்று சொல்வதும் இதுபோன்ற பக்கத்தின் வேலை. பொருந்தாதவர்களை முதலிலேயே விடுவித்துவிட்டால் மீதி உள்ளவர்கள் தங்களைத்தான் சொல்கிறார்கள் என்று புரிந்துகொள்வார்கள்.

மூன்றாவது, நேரடித் தொடர்பு. எக்ஸ்சேஞ்சுகளையும் பெரிய வணிகர்களையும் பூல்களையும் தனித்தனியே கேட்டுப் பார்க்க முடியும். பலன் தருவதில் இதற்கு ஈடு வேறில்லை, ஆனால் பட்டியலில் உள்ளவர்களோடு இது நின்றுவிடும்.

புதுப்பிக்க முடியாதவர்களுக்கும் ஒரு வழி விடப்பட்டது. சொந்தமாக நிரலை மாற்றி வைத்திருந்த தளங்கள் 0.8க்கு வரவேண்டுமானால் தங்கள் மாற்றங்களை மீண்டும் எழுதிச் சோதிக்க வேண்டும், அதற்கு இரண்டு மாதம் போதாமல் போகலாம். அவர்களுக்கு ஓர் எளிய வேலை சொல்லப்பட்டது: நோட்டை நிறுத்து, தரவு அடைவில் பெர்க்லி டிபிக்கான அமைப்புக் கோப்பு ஒன்றை உருவாக்கு, பூட்டுகளின் உச்ச எண்ணிக்கையை உயர்த்தும் வரிகளை எழுது, மீண்டும் தொடங்கு. சில நிமிட வேலை, மறு அட்டவணை தேவையில்லை.

இதில் இரண்டு இடங்களில் தவறு நேரும். கோப்பைத் தவறான அடைவில் வைத்தால் நோட் எந்தப் புகாரும் இன்றித் தொடங்கிவிடும், பழைய வரம்பே நடப்பில் இருக்கும். கோப்பின் பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும், எழுதும் செயலி கடைசியில் ஒரு நீட்சியைத் தானாகச் சேர்த்துவிட்டாலும் இதேதான். வேலை செய்கிறதா என்பது அடுத்த பெரிய பிளாக் வரும்போதுதான் தெரியும். இப்படிப்பட்ட மாற்றுவழியைக் கொடுக்கும்போது, மாற்றம் பிடித்துவிட்டதா என்று உடனே பார்க்கும் ஒரு சோதனையையும் சேர்த்துக் கொடுப்பது நல்லது.

எத்தனை பேர் மாறினார்கள் என்று அளப்பதும் எளிதாக இல்லை. இணைப்பு தொடங்கும்போது ஒவ்வொரு நோட்டும் தன் பதிப்புப் பெயரைச் சொல்லும். அதை எண்ணலாம். ஆனால் வீட்டு ரூட்டருக்குப் பின்னால் இருந்து உள்வரும் இணைப்பை ஏற்காத நோட்கள் அந்தக் கணக்கில் வராது. அமைப்புக் கோப்பு வழியைப் பின்பற்றிய நோட் இன்னும் 0.7 என்றே தன்னைச் சொல்லிக்கொள்ளும், பாதுகாப்பாக இருந்தாலும் ஆபத்துப் பட்டியலில் விழும். பெயரை மாற்றிச் சொல்லவும் தடையில்லை.

மே 15க்குப் பிறகு

நாள் வந்தது, போனது. எதுவும் நடக்கவில்லை. கட்டுப்பாடு விலகியது என்பதாலேயே பெரிய பிளாக் வந்துவிடாது. யாராவது ஒரு மைனர் அளவை உயர்த்தி, அதில் போதுமான உள்ளீடுகள் சேரவேண்டும்.

அதற்கு ஆகஸ்ட் 16 வரை பிடித்தது. அன்று 252451ஆம் பிளாக் வலைப்பின்னலில் ஏற்கப்பட்டது. சரிசெய்யாத பழைய நோட்கள் அந்த இடத்தில் கழன்றுகொண்டன. இம்முறை அவற்றோடு கணிசமான மைனிங் திறன் இல்லை. எதிர்ச் சங்கிலி எதுவும் எழவில்லை, யாரும் பூலை இறக்கவில்லை, வைப்பு நிறுத்தம் இல்லை. மார்ச்சில் ஓர் இரவு முழுதும் எல்லோரையும் உட்காரவைத்த அதே கோளாறு ஆகஸ்டில் அந்தந்த நோட் உரிமையாளரின் தனிப் பிரச்சினையாகச் சுருங்கிவிட்டது.

அப்படிக் கழன்ற நோட்டைப் பார்த்து அடையாளம் காண்பது கடினம். நிரல் ஓடிக்கொண்டிருக்கும், மற்ற நோட்களோடு இணைப்பு இருக்கும், இருப்புத்தொகை சரியாகத் தெரியும். பிளாக் எண் மட்டும் நகராது. வரும் பணம் உறுதிப்படாமலேயே நிற்கும். கடைசி பிளாக்கின் எண்ணையும் அதன் ஹாஷையும் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் அடையாளம்) வெளியில் நம்பகமான இன்னொரு நோட்டோடு ஒப்பிட்டால் ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும். எண் ஒன்றாக இருந்து ஹாஷ் வேறாக இருந்தால் தவறான சங்கிலி. எண் பின்தங்கி நின்றுபோயிருந்தால் முட்டிக்கொண்ட நோட்.

நாள் குறித்த பிரசாரத்தின் பலவீனமும் இந்த மூன்று மாத இடைவெளியில்தான் தெரிகிறது. மே 16 காலையில் எழுந்து, எல்லாம் வழக்கம்போல் ஓடுவதைக் கண்ட பழைய நோட் உரிமையாளர் என்ன நினைத்திருப்பார்? பயமுறுத்தினார்கள், ஒன்றும் ஆகவில்லை. அடுத்த எச்சரிக்கைக்கு அவர் காது கொடுப்பது குறையும். அன்றிலிருந்து ஆபத்து சாத்தியம், நடக்கும் நாள் தெரியாது என்று தலைப்பிலேயே சொல்லியிருந்தால் இந்த மனநிலை ஓரளவு குறைந்திருக்கும்.

மாற்றவேண்டியவை

வெளியீட்டுக்கு முன் சோதிக்கவேண்டியது புதிய பதிப்பை மட்டுமல்ல. பழையதும் புதியதும் ஒரே உள்ளீட்டுக்கு ஒரே விடை தருகின்றனவா என்று பார்க்கவேண்டும். 0.8ஐத் தனியாகச் சோதித்தால் பிழையே கிடையாது. 0.7க்குப் பக்கத்தில் வைத்து, பல பழைய பரிவர்த்தனைகளைச் சுட்டும் பிளாக்குகளைக் கொடுத்திருந்தால் வித்தியாசம் மேசையிலேயே தெரிந்திருக்கும். தரவுத்தளம், குறியாக்க நூலகம் போன்ற கீழ்த்தளப் பகுதிகளை மாற்றும்போதெல்லாம் இந்த ஒப்பீடு கட்டாயம். விதி எழுதப்பட்ட இடத்தில் மட்டும் இருப்பதில்லை, நூலகத்தின் வரம்பிலும் ஒளிந்திருக்கும்.

திரும்பிப்போகும் வழியை முன்பே தயாராக வைத்திருக்கவேண்டும். அன்று இரவு இறக்கம் சாத்தியமானதால்தான் பிளவு 6 மணி நேரத்தில் முடிந்தது. புதிய பதிப்பு பழைய அட்டவணையை அழித்துவிடும் வகையில் எழுதப்பட்டிருந்தால், பூல்கள் விரும்பினாலும் அன்றிரவே இறங்கியிருக்க முடியாது. பெரிய நோட்களை நடத்துபவர்கள் முந்தைய பதிப்பின் நிரலையும் தரவையும் சில வாரமாவது வைத்திருப்பது நல்லது. பணம் பெறும் இடத்தில் இரண்டு பதிப்புகளை அருகருகே ஓட்டி, இரண்டும் ஒரே ஹாஷைச் சொல்லும்வரை மட்டும் வைப்பை ஏற்பது இன்னும் பாதுகாப்பானது. ஒரு கணினி கூடுதல், அவ்வளவுதான் செலவு.

சர்வரில் ஓடும் நோட்டுக்கு எச்சரிக்கை வந்தால் அது ஒரு மனிதரைச் சென்றடைய வேண்டும். மின்னஞ்சலோ குறுஞ்செய்தியோ அனுப்பும் கட்டளையை நோட்டோடு இணைத்துவைக்கலாம். சங்கிலி பிளவுபட்டதாகத் தோன்றினால் மையத்திலிருந்து செய்தி வருவதற்குக் காத்திராமல் நோட்டே தானாக எச்சரிக்கவும் வேண்டும். பின்னாளில் வந்த பதிப்புகள் இதைச் செய்தன. கையெழுத்துத் திறவுகோலை நம்பிய எச்சரிக்கை அமைப்பு பின்னர் கைவிடப்பட்டது. திறவுகோல் யார் யாரிடம் இருக்கிறது என்பதே உறுதியாகத் தெரியாத நிலையில், மையமில்லாத வலைப்பின்னலில் எல்லோர் திரையிலும் எழுதும் உரிமை ஒரு சாவியில் இருப்பது உதவியைவிடப் பெரிய ஆபத்து. 2018இல் அந்தத் திறவுகோல் பகிரங்கமாகவே வெளியிடப்பட்டது.

தேதிக்குப் பதிலாக எண்ணிக்கையை நம்பும் வழியும் உண்டு. அதே 2013 மார்ச் மாதத்தில் இன்னொரு விதி மாற்றம் சத்தமின்றி நிறைவேறியது: ஒவ்வொரு பிளாக்கும் தன் உயரத்தை, அதாவது சங்கிலியில் தன் வரிசை எண்ணை, தனக்குள் குறிக்கவேண்டும் என்ற விதி. மைனர்கள் தாங்கள் தயாரானதை பிளாக்கின் பதிப்பு எண்ணை 2 ஆக்கித் தெரிவித்தார்கள். கடைசி 1,000 பிளாக்குகளில் 950 அப்படி வந்ததும் பழைய எண் கொண்ட பிளாக்குகள் மறுக்கப்பட்டன. 227931ஆம் பிளாக்கிலிருந்து அது நடப்பில் உள்ளது. விதியைக் குறுக்கும் மாற்றம் என்பதால் பழைய பதிப்பில் இருந்த பயனர்கள் எதுவும் செய்யாமலேயே அதே சங்கிலியில் தொடர முடிந்தது. பூட்டு வரம்பைத் தளர்த்துவது விதியை விரிக்கும் மாற்றம். அதில் மைனர்களின் எண்ணிக்கை போதாது, ஒவ்வொரு நோட்டும் மாறியாக வேண்டும், அதனால்தான் அதற்குத் தேதியும் பிரசாரமும் தேவைப்பட்டன. புதுப்பிக்கச் சொல்லும் முன் கையில் இருப்பது எந்த வகை மாற்றம் என்று பிரித்துப் பார்த்தால், யாரை எழுப்பவேண்டும், யாரைத் தொந்தரவு செய்யத் தேவையில்லை என்பது தெளிவாகிவிடும்.